பட்டறைக்கு வர வேண்டிய பாடம்



கார் மெக்கானிக்குகளின் கல்வி பற்றிய இந்தக் கருத்தரங்கைக் குண்டலுபேட்டையில் கூட்டியது மிகவும் பொருத்தம். மைசூரிலிருந்து வரும் சாலை இங்கேதான் பிரிந்து, ஒன்று பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் கோவைக்கும், மற்றொன்று வயநாட்டுக்கும் போகிறது. 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை காட்டுவழியில் போக்குவரத்துத் தடை. இரவு ஏழரைக்கு ஒரு கார் இங்கே நின்றுவிட்டால், சோதனைச்சாவடி மூடுவதற்குள் அதை ஓட வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை குட்டிகளோடு விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி, பிரேக் தீய்ந்துபோய் வரும் வண்டியின் கோளாறைச் சக்கரம் கழற்றுமுன்னே வாடையை வைத்துச் சொல்லிவிடும் கைகள் இத்தகைய ஊர்களில்தான் உருவாகின்றன.

அந்தக் கைகள் கற்றது பிரித்துப் பார்த்துத்தான். இதே சாலையின் மறுமுனையான கோவையில், கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றார். 1920-இல் ஒரே பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். பழைய வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றினால் அடைப்பு கண்ணுக்குத் தெரியும். இன்றைய காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஓடும் நிரல் தெரியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய டீசல் கார் ஒன்று புகை வடிகட்டி அடைத்து வேகம் எடுக்காமல் நின்றால், பழுதறியும் ஸ்கேனர் இல்லாத பட்டறையில் ஊகம்தான் மிஞ்சும்.

மெக்கானிக்கின் அறிவு போதாது என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. அறிவுக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே, உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காகத்தான். அதை எதிர்த்த வழக்குகள் நீண்டன. கருவியும் கையேடும் கிடைக்காதவருக்கு வகுப்பு எடுத்து என்ன பயன்?

2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், முன்னரே உள்ள திறனைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. நல்லதுதான், பள்ளிப் படிப்பு முடிக்காத ஒருவர் கையில் அந்தத் தாள் மதிப்புள்ளது. ஆனால் அது அவருக்குத் தெரிந்ததைத்தான் சான்றளிக்கிறது. நாளை பட்டறைக்கு வரப்போகும் வண்டி அவருக்குத் தெரியாதது. எஞ்சின் மாறும்போதெல்லாம், ஐம்பது வயதிலும், அவர் மறுபடி மாணவராக வழி வேண்டும்.

மின்சாரக் காரில் இப்படி மறுபடி கற்பது உயிர்ப் பிரச்சினை. பழைய எஞ்சினில் தவறினால் கை சுடும். பாடம் மனதில் நிற்கும். பல நூறு வோல்ட் பேட்டரியில் தவறிக் கற்க முடியாது. கூட நிற்கும் ஹெல்ப்பர் பையனுக்கும் ஆபத்து.

எனவே இந்த இரண்டு நாளில் ஒரே கேள்விக்கு விடை தேடுங்கள்: பாடம் எப்படிப் பட்டறைக்கு வரும்? அதன் கிளைக் கேள்விகள் இவை: பயிற்சிக்கு வரும் நாளின் கூலியை யார் தருவது? ஓர் ஊர்ப் பட்டறைகள் சேர்ந்து ஒரு ஸ்கேனரை வைத்துக்கொள்ள முடியுமா? கையேடுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் தருமாறு நிறுவனங்களை யார் கேட்பது? முதல் அமர்வில் பேசவிருப்போர் பட்டறைக்காரர்கள். ஆய்வாளர்கள் அதற்குப் பிறகே பேச வேண்டுகிறேன்.