கறந்தவர்க்கே பாலின் பயன்



மாடு நம்முடையது, உழைப்பும் நம்முடையது. விலையை மட்டும் பிறர் கூறுவது முறையாகுமா? இவ்வினாவை எழுப்பியவர்கள், இந்தியாவில் குஜராத்தைச் சேர்ந்த கைரா மாவட்ட உழவர்கள். 1945இல் தொடங்கிய பம்பாய்ப் பால் திட்டத்திற்கு அவர்தம் பாலைத் திரட்டும் உரிமை, போல்சன் என்னும் தனியார் நிறுவனத்திடமே இருந்தது. அதனால் விளைந்த ஆதாயம் கறந்தவர் கைக்கு எட்டவில்லை.

சர்தார் வல்லபபாய் பட்டேலின் அறிவுரைப்படி, 1946 சனவரியில் சமர்க்கா சிற்றூரில் உழவர்கள் கூடினர். பின்னர் 15 நாள்கள் பாலை விற்க மறுத்தனர். அன்றாட வருவாயை இழப்பது ஏழைக்கு எளிதன்று. ஆயினும் ஒற்றுமை குலையவில்லை. அரசு இணங்கியது. 14.12.1946இல் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமை ஏற்றார்.

1948இல் இரண்டு சிற்றூர்களின் பால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லிட்டர், அவ்வளவே தொடக்கம். 1949இல் வந்த பொறியாளர் வர்கீஸ் குரியன் துணைநின்றார். 1955இல் எருமைப்பாலை மாவாக்கும் ஆலை எழுந்தது. அச்சங்கமே பின்னாளில் ‘அமுல்’ எனப் புகழ்பெற்றது.

பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, தரத்திற்கேற்பப் பணம் தருவது சங்கத்தின் முறை. ஒரு மாடு வைத்திருப்பவர்க்கும் பத்து மாடு வைத்திருப்பவர்க்கும் வாக்கு ஒன்றே.

பெருமக்களே! தனித்து விற்றால் விலை பிறர் கையில். சேர்ந்து விற்றால் நம் கையில். இதனை உளங்கொள்வோமாக.