குடியிருப்போரும் நகர அமைப்பும்

நான் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருவை அகலப்படுத்த ஒரு திட்டம் வந்தது. அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் நீண்ட வரைபடச் சுருளுடன் வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் அதை விரித்தார். படத்தில் சிவப்பு மையால் நேராக ஒரு கோடு. கோடு செல்லும் வழியில் ஒரு சதுரம். அதனுள் ‘காலி இடம்’ என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறதென்று என்னிடம் கேட்டறிந்தவர், அந்த இளைஞரை நோக்கி, “தம்பி, இதை வரைந்தவர் எந்த வேளையில் வந்து பார்த்தார்?” என்றார்.

அந்தச் சதுரத்தில்தான் எங்கள் பொதுக்கிணறு இருந்தது. காலையில் பெண்கள் அங்கே நீர் இறைத்தனர். நண்பகலில் நெல் காய்ந்தது. மாலையில் நாங்கள் பந்தாடினோம். தெருவில் எவர் இல்லத்திலேனும் கலியாணமோ சாவோ நேர்ந்தால் பந்தல் எழுந்ததும் அங்கேதான். நள்ளிரவில் வந்து பார்த்தால் அது காலி இடமே!

மக்கள் வாழும் தெருவைத் திருத்தியமைக்கும்போது, அம்மக்களின் சொல்லுக்கு உரிய இடம் எது? இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டு நகராட்சிகளின் முன் இக்கேள்வியை வைத்தவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்து நாட்டினர், உயிரியல் பேராசிரியர். செடியையும் மண்ணையும் சேர்த்தே நோக்கப் பழகிய அவர், நகரத்தையும் அவ்வாறே நோக்கினார். 1880களில் எடின்பரோவின் நெரிசல் மிகுந்த பழைய பகுதியில் மனைவியுடன் குடியேறி, அண்டை வீட்டாரோடு கூடி முற்றங்களைத் துப்புரவு செய்தவர். பிறருக்கு உபதேசம் செய்யுமுன் தாமே அங்கே வாழ்ந்து பார்த்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1914ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவர் பல்லாண்டுகளாகத் திரட்டிய நகரக் கண்காட்சிப் படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னைமீது குண்டு வீசிய ‘எம்டன்’ இருக்கிறதே, அதே ஜெர்மானியக் கப்பல் அவற்றைக் கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் புதிதாகத் திரட்டியனுப்பிய படங்களைக் கொண்டு 1915இல் சென்னையில் அவர் கண்காட்சி நடத்தினார். பின்னர்த் தஞ்சை, மதுரை, காஞ்சி முதலிய ஊர்களின் சந்துகளில் கால்நடையாக அலைந்தார்.

தஞ்சைக் கோட்டையின் தென்கிழக்கு மூலையில் நெரிசலைத் தீர்க்க, வீடுகளை இடித்து நேரான சாலைகள் போடுவதென்று ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து, எது பாழ்வீடு, எது வெற்று மனை, எங்கே கிணறு, எங்கே மரம் என்று குறித்துக்கொண்டார். பாழடைந்தவற்றை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளையே ஆங்காங்கே அகலப்படுத்தினால், குழந்தைகள் ஆடவும் மரம் நிற்கவும் சிறு வெளிகள் கிடைக்கும் என்று காட்டினார். செலவோ முன்னைய திட்டத்தில் ஒரு சிறு பங்கு. நல்ல மருத்துவன் உறுப்பைக் காக்கவே கத்தி எடுப்பான் அல்லவா? இம்முறைக்குக் ‘காக்கும் அறுவை’ என்று பொருள்படும் பெயரையே அவர் சூட்டினார். வீடிழந்தவர் எங்கே போவார்? பக்கத்துச் சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு புகுவார். இடித்தவர் கணக்கில் நெரிசல் தீர்ந்தது. அடுத்த சந்தில் அது இருமடங்காயிற்று.

பின்னர் இந்தூருக்குச் சென்றார். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. வீடுகளை இடிக்க வந்தவர் என்று மக்கள் அவரைக் கண்டு அஞ்சினர். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் மகாராஜாவின் இடத்தைக் கேட்டுப் பெற்றார்! தீபாவளி ஊர்வலம், வீடுகளை மிகுதியாகத் தூய்மை செய்து செப்பனிட்ட தெருக்களின் வழியே செல்லும் என்று அறிவித்தார். தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் கொள்ளைநோயின் உருவாக ஒரு பேரெலி பவனி வந்து, இறுதியில் எரியூட்டப்பட்டது.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கெடிஸ் மக்களைக் கண்டார், மதித்தார். எழுதுகோல் மட்டும் அவர் கையிலேயே இருந்தது. அந்த எழுதுகோலும் மக்கள் கைக்கு மாறிய ஓரிடத்தைக் காணக் கராச்சி நகருக்குச் செல்லவேண்டும்.

அந்நகரின் ஒராங்கி என்னும் பகுதியில் ஏழை மக்கள் தாமே வீடு கட்டிக்கொண்டனர். கழிவுநீர்க் குழாய்தான் இல்லை. ஐ.சி.எஸ். பதவியைத் துறந்த அக்தர் ஹமீத் கான் என்பார் 1980இல் அங்கே ஒரு பணியைத் தொடங்கினார். இருபது முப்பது வீடுகள் கொண்ட சந்தே ஓர் அமைப்பு. சந்தினர் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பணம் திரட்டிக் குழாய் பதித்தனர். அளவைப் படமும் கருவிகளும் அறிவுரையும் மட்டுமே வெளியிலிருந்து வந்தன. அப்படங்களை வரைந்தவருள் மாணவரும் இருந்தனர் என்பதை உங்களுக்குச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. அவை சென்று சேரும் பெருங்கால்வாய் அரசின் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு இன்றியமையாதது. மக்கள் பங்கேற்பு என்ற பெயரால் அரசு தன் கடமையை மக்கள் தலையில் சுமத்தவும் கூடும்; அதை நான் பங்கேற்பு என்று சொல்லமாட்டேன்.

எங்கள் தெருவுக்கு வருவோம். பாட்டியின் கேள்விக்கு விடை சொல்ல இயலாத அந்த இளைஞர், நல்ல மனத்தினர். மூன்று நாள் எங்களோடு தங்கினார். எந்த வேளையில் எந்த இடத்தில் என்ன நடக்கிறதென்று அவர் குறிக்க, நாங்கள் நாடா பிடித்தோம். பின்னர்க் கிணற்றடியிலேயே தெருக்கூட்டம் நடந்தது. கூச்சலுக்குக் குறைவில்லை. கிணற்றை விட்டால் வேறு எதைக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

கோடு வளைந்தது. கிணறு தப்பியது. எங்கள் திண்ணை தப்பவில்லை. அது போகட்டும் என்று அக்கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவர் என் தந்தையே. வீட்டுக்கு வந்தபின் அன்றிரவு அவர் வெகுநேரம் அந்தத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார்.