கேசட் கடை மூடிய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



2010-ல் படிப்பை முடித்த என்னை, "கேசட் கடைக்காரர் மருமகன்" என்றால்தான் ஹாஸ்டலில் தெரியும். ஆவடியில் என் மாமா கேசட் கடை வைத்திருந்தார். புதுப்படக் கேசட் விற்பார். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பிடித்த பாட்டுகளைப் பதிவு செய்தும் தருவார். 2008-ல் கடையை மூடினார். "ஜனங்களுக்குப் பாட்டு மேல ஆசை விட்டுப் போச்சுப்பா" என்றார்.

அது சரியில்லை. ஆசை குறையவில்லை, காசு கொடுப்பதுதான் குறைந்தது. ஏன்?

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கொண்டுவந்த கேசட்டிலும் நகல் எடுத்தோம். மாமா பதிந்து கொடுத்ததும் உரிமையில்லாத நகல்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் 60 நிமிடக் கேசட் பதிய 60 நிமிடம் ஆகும். நகலுக்கு நகல் எடுத்தால் இரைச்சல் கூடும். அந்த இரைச்சல்தான் அசலுக்குக் காவல். எம்பி3 வந்ததும் காவல் போயிற்று. ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 1 எம்.பி. போதும். 700 எம்.பி. சி.டி.யில் ஐந்து நிமிடப் பாட்டு 140 அடங்கும். நூறாவது நகலும் முதல் நகல் மாதிரியே கேட்கும்.

இன்னொன்று, ஒரு பாட்டுக்காக முழுக் கேசட்டையும் வாங்க வேண்டியிருந்தது. தனித்தனிப் பாட்டாக விற்ற ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் 2003-லேயே திறந்தது. இந்தியாவுக்கு 2012-ல்தான் வந்தது. அதற்குள் நமக்கு ஓசிப் பழக்கம் ஊறிவிட்டது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. மாமா கடைப் பாட்டுகளை எல்லாம் எம்பி3 ஆக்கி, ஹாஸ்டல் முழுக்க மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். "மச்சான், எனக்கும் போடுடா" என்று வரிசையில் நின்றவர்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அதே வருடம்தான் மாமா கடையைப் பூட்டினார்.

இந்தத் திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டினார். கல்லும் மண்ணும் இல்லாத அந்தக் கோயிலுக்கும் தச்சர்களைத் தேடிக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். கையில் பிடிக்க முடியாத பாட்டுக்குப் பின்னாலும் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். எதையும் மலிவாக்கத் தெரிந்த நாம், அதனால் யார் வீட்டு அடுப்பு அணைகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்று சந்தா கட்டித்தான் பாட்டுக் கேட்கிறேன். போன மாதம் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும் மாப்ளே. அடுக்குல கேசட் இடம் மாறியிருந்தா எனக்குத் தெரியாதா?" என்றார்.