ஜெபமாலைக்கு முதல் பள்ளிக்கூடம் வீடுதான்!

 

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஜெபமாலையைப் பழக்க வேண்டியது வீடா, பள்ளியா? இதுதான் இன்றைய கேள்வி. பள்ளிதான் என்று பேசியவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகிறார்கள். வீடு திரும்பும்போதே இருட்டிவிடுகிறது. அந்தக் காலத்துக் கான்வென்ட் பள்ளிகள் செய்ததை இன்றைய பள்ளிகள் செய்தால் என்ன என்று கேட்டார்கள். ஆனால் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் கதை வேறு பதிலைச் சொல்கிறது.

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், அன்று பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்து இன்று பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட ஊர் என்று எங்கும் ரப்பர் மரங்கள் நின்ற காலம் அது. விடியுமுன் பெரட்டு. பிறகு பால்மரம், வாளி, உளி. தோட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் குறைவு. கோயில் தூரம், சாலை மோசம். குருவானவர் எப்போதாவதுதான் வர முடிந்தது. பூசைப் புத்தகம் கையில் இருந்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே.

அந்த வீடுகளில் விசுவாசத்தைக் காப்பாற்றியது எது? சுவரில் ஆணியில் தொங்கிய ஜெபமாலைதான். அதற்குப் புத்தகம் வேண்டாம், பீடம் வேண்டாம், படிப்பு வேண்டாம். 53 மணி ஜெபத்தை எண்ணுவதற்கு விரல் போதும். மண்ணெண்ணெய் விளக்கடியில் பாட்டி முன்பாதியைச் சொல்ல, பிள்ளைகள் பின்பாதியைச் சொன்னார்கள். ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு மறைபொருள். அப்படியே இயேசுவின் பிறப்பும் பாடுகளும் உயிர்ப்பும் எழுதப் படிக்கத் தெரியாதவர் மனத்திலும் பதிந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து பத்து மணிகளை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையும் தன் முறை வந்ததும் தலைமை தாங்கிச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பதில் சொல்வார்கள். கூச்ச சுபாவமுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு அதுதான் முதல் மேடை!

பெஸ்தாரி ஜெயாவில் வனத்துச் சின்னப்பர் ஆலயம் இருக்கிறது. எகிப்துப் பாலைவனத்தில் தன்னந்தனியாக ஜெபித்து வாழ்ந்த துறவி அவர். அவருடைய திருநாள் ஜனவரி 15, நம் பொங்கலை ஒட்டி வருகிறது. காட்டை அழித்து உருவான தோட்டங்களுக்கு நடுவே அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்!

வீட்டு ஜெபத்தின் பலத்துக்கு வரலாறும் சாட்சி சொல்கிறது. யாழ்ப்பாணம் 1658-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை, குருக்களுக்கு இடமில்லை. 1687-இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? கழுத்தில் ஜெபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை அடையாளம் கண்டுகொண்டார். குரு இல்லாத அத்தனை ஆண்டுகளில் அந்த அடையாளம் அழியவில்லை என்றால், காத்தது யார்? வீடுதான்! 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் குருக்கள் திருச்சபைப் புதுப்பித்தலுக்காக ஒரு மாதம் பினாங்கில் கூடினார்கள். அந்த மாதம் ஆலயங்களில் பூசை இல்லை. பொதுநிலையினரே ஜெபத்தை நடத்தினார்கள். அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அடிப்படைச் சமூகங்கள் அதன் பிறகு வேரூன்றின. தோட்டத்துப் பாட்டிகளுக்கோ இது புதிய பாடமே அல்ல!

சரி, பள்ளி என்ன செய்தது? குழந்தை இயேசு சபைக் கன்னியரும் லசால் சகோதரர்களும் 1852-இல் பினாங்கில் கால் வைத்தார்கள். பின்னர் கோலாலம்பூரில் 1899-இல் புக்கிட் நானாஸ் கான்வென்டும், 1904-இல் செயின்ட் ஜான்ஸ் பள்ளியும் எழுந்தன. அவை தந்த கல்விக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்தது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தோட்ட நிர்வாகம் நடத்திய தமிழ்ப்பள்ளியில். பக்கத்து இருக்கையில் இந்துப் பிள்ளை, சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் இந்து ஆசிரியர். அங்கே யாரும் ஜெபமாலை சொல்லித்தரவில்லை. இருந்தும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது.

இன்றைய நிலையையும் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், உதவிபெறும் பள்ளியில் இஸ்லாம் அல்லாத சமயப் போதனைக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு அரசாங்கப் பணத்தைச் செலவிடக் கூடாது. மாணவர் தம் சமயம் அல்லாத ஒன்றின் போதனைக்குச் செல்வதானால் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். இது நல்ல வேலிதான். அடுத்த பிள்ளையின் சமயத்தை மதிக்கும் ஜெபமே ஜெபம். ஆகவே பள்ளி வளாகத்தில் விருப்பமுள்ள மாணவர்கள் கூட இடமும் நேரமும் கேட்கலாம். பழக்கத்தையே உண்டாக்கித் தரும்படி பள்ளியிடம் கேட்க முடியாது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் கிள்ளான், ரவாங் பக்கம் தாமான்களுக்குச் சிதறின. பாட்டிக்குத் தமிழ் ஜெபம்தான் தெரியும்; பேரனோ ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறான். பாட்டி "தேவ இரகசியம்" என்கிறார். தமிழ் படிக்கும் பேத்தி "மறைபொருள்" என்கிறாள். ஒரே வீட்டில் ஒரே மாலையை இரண்டு தலைமுறைகள் சேர்ந்து சொல்ல முடியவில்லை. பாட்டி கண்மூடும் நாளில் அவரைச் சுற்றி நின்று, அவருக்குப் புரியும் மொழியில் 53 மணி சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்குமா? இன்றைய விவாதத்தின் அடிப்படைக் கேள்வியே இதுதான்!

இதற்கு வழி உண்டு. போப் இரண்டாம் ஜான் பால் 2002 அக்டோபரில் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தார். 15 ஆக இருந்தவை 20 ஆயின. பழைய 15 பாட்டிக்கு மனப்பாடம். புதிய ஐந்தைப் பேரப்பிள்ளை பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பழைய ஜெபத்தைப் பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

முழு மாலைக்கு நேரமில்லையா? ஒரு பத்து மணி சொல்லுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பாட்டி தூரத்தில் இருக்கிறாரா? கைத்தொலைபேசியில் அழைத்து, அவர் முன்பாதியைச் சொல்ல, நீங்கள் பின்பாதியைச் சொல்லுங்கள். அக்டோபர் மாதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அணையுங்கள். ஆணியில் தொங்கும் மாலையை எடுங்கள். வீட்டிலேயே இளைய பிள்ளையின் கையில் கொடுத்து, "இன்றைக்கு நீ ஆரம்பி" என்று சொல்லுங்கள்.

வீடு ஆரம்பித்தால் பள்ளி கைகொடுக்கும். வீடே மறந்துவிட்டதைப் பள்ளி எப்படி நினைவூட்டும்?