சென்று தேய்ந்து இறுதல்



ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கினால் சேலத்துக்கு ஒரு பாதை. கோரிமேடு வழியாக இறங்கினால் மற்றொன்று. பின்னதன் ஓரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. தொடர்ப்படங்களின் அயர்ச்சியைப் பேச இந்த வட்டாரத்துக்கு உரிமை உண்டென்றால், அது அந்த வளைவினால் வந்த உரிமை.

நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று. ‘சென்று தேய்ந்து இறுதல்’ மற்றொன்று. நூலுக்குச் சொன்னவை படத்துக்கும் பொருந்துகின்றன. முன்னது முற்றியே பின்னதாகிறது.

டி.ஆர். சுந்தரம் 1937இல் ‘சதி அகல்யா’ எடுத்தார். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’. 1940இல் ‘உத்தம புத்திரன்’. 1950இல் ‘மந்திரி குமாரி’. 1956இல் வண்ணத்தில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. புராணம், அரச கதை, மாயக்கதை எனக் களம் மாறிக்கொண்டே இருந்தது. முதலாளியும் அவரே, பல படங்களுக்கு இயக்குநரும் அவரே. கண்டிப்பானவர் என்ற பெயரும் உண்டு. படம் தோற்றால் சுட்டுவிரல் நீள்வதற்கு வேறு திசை இல்லை.

1963இல் அவர் மறைந்தார். பொறுப்பு மகன் இராமசுந்தரத்திடம் வந்தது. 1965இல் ‘வல்லவனுக்கு வல்லவன்’, 1966இல் ‘இரு வல்லவர்கள்’, அதே ஆண்டில் ‘வல்லவன் ஒருவன்’. கதையில் தொடர்ச்சி இல்லை, தொடர்ந்தது பெயர். துப்பறிவாளர், கொள்ளையர், துப்பாக்கி என்னும் வார்ப்பு 1970இன் ‘சி.ஐ.டி. சங்கர்’ வரை நீண்டது. ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டமும் கிடைத்தது. மக்கள் விரும்பிப் பார்த்த படங்களே இவை. இதனை மறைத்து மகனைப் பழிப்பது நேர்மையன்று. படத்தொழில் சென்னையில் குவிந்ததும் சேலத்துக்குப் பாதகமாயிற்று. ஆயினும் வென்ற வார்ப்பை எப்போது உடைப்பது என்ற முடிவு சுவைஞருடையதன்று, தலைவருடையது. சுவைஞர் எழுந்து போவார், அவ்வளவே.

இன்றைய நிலைக்கு ‘இந்தியன்’ ஒன்றே போதும். 1996இல் வந்த படத்தின் இரண்டாம் பாகம் 28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில் வந்தது. (இடையில், 2020இல் படப்பிடிப்புத் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர், பொறுப்பு என்ற சொல்லின் முழுக் கனமும் அங்கேதான் இருக்கிறது.) வெளியான சில நாள்களில் ஏறத்தாழ 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. ‘மிகைபடக் கூறல்’ என்னும் குற்றத்துக்கு அது மருந்து. அரங்கில் பலர் சொன்ன குறையோ வேறு: பழைய சீற்றம் பழைய வடிவிலேயே திரும்பியது என்பது. கத்தரிக்கோல் அதைத் தொடாது. எழுத்து மேசையில், இயக்குநரும் தயாரிப்பாளரும் நாயகரும் கூடி இசைந்தபோதே செய்திருக்க வேண்டிய வேலை அது. அதற்குள் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் இரண்டாம் பாகத்தின் இறுதியிலேயே இணைக்கப்பட்டிருந்தது. வேண்டுமா என்று சுவைஞரைக் கேட்பதற்கு முன்பே.