டீசலா, வானிலையா? நெடுங்கடலுக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்கு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் பெருமுக்கல்னு ஒரு பாறைமலை இருக்கு. அதைத் தாண்டிக் கிழக்கே போனால் உப்பளம், அப்புறம் கடல். சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கிரேக்க நூல், இந்தக் கரையிலிருந்து கங்கை முகத்துவாரம் வரைக்கும், அதையும் தாண்டிக் கிழக்கேயும் போன பெரிய கப்பல்களைப் பற்றிப் பேசுது.

சரி, இன்னிக்கு ஒருத்தர் சொந்த மோட்டார் யாட்டில் அதே கடலைக் கடக்கணும்னு வெச்சுக்கோங்க. சென்னையிலிருந்து போர்ட் பிளேர். நேர்கோட்டில் ஏறக்குறைய 740 கடல் மைல். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது!

பாய்மரக் கப்பலுக்குக் காற்று நின்றால் காத்திருக்கலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல், தமிழ் மாலுமிகளோடு அமெரிக்காவை நோக்கிக் கிளம்பி, 1938 ஆகஸ்டில் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஆனால் யாட்டில் டீசல் தீர்ந்தால் அவ்வளவுதான், மிதக்க வேண்டியதுதான்.

இதற்கு வழி காட்டியவர் ராபர்ட் பீபி என்ற அமெரிக்கர். 1963ல் பாசேஜ்மேக்கர் என்ற 50 அடி மோட்டார் படகில் சிங்கப்பூரிலிருந்து கிரீஸ் வரை போனார். அவருடைய ரகசியம் ரொம்ப எளிது: மெதுவா போ.

ஏன்னா இந்த மாதிரிப் படகில் ஒரு மைலுக்கு ஆகிற டீசல், வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். 8 நாட்டிலிருந்து 6 நாட்டுக்குக் குறைத்தால் வேகம் கால் பங்குதான் குறையுது. டீசல் செலவோ கிட்டத்தட்ட பாதியாகிடும். அப்போ மெதுவா போறதுதானே புத்திசாலித்தனம்?

இங்கதான் சிக்கல். 8 நாட்டில் போர்ட் பிளேர் நாலு நாளுக்குள் வந்துடும். 6 நாட்டில் அஞ்சு நாளுக்கு மேல ஆகும். வானிலைக் கணிப்பு முதல் சில நாளுக்கு நல்லா கைகொடுக்கும், போகப்போக மங்கலாகும். அதாவது, டீசலை மிச்சம் பிடிக்கப் பிடிக்க, கணிப்பைச் செலவு பண்றீங்க. வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் ரெண்டே நாளில் புயலாக மாறலாம். 6 நாட் படகால் அதை முந்தி ஓட முடியாது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தப்போ என்ன நடந்தது? எச்சரிக்கை வரும்போது குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தாங்க. சேதி அவங்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. கடல் தெரியாதவர்கள் இல்லை அவங்க.

அதனால் முதல் முடிவு எந்த வேகம் என்பதல்ல, எந்த மாசம் என்பதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஏப்ரல், மே மாதங்களிலும் புயல் வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் இந்தக் கடல் ஓரளவு அமைதி. மழையில் மூழ்கிய பாத்தியைச் சீர்செய்து உப்பளத்தில் வேலை தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். உப்புக்கும் படகுக்கும் ஒரே காலண்டர்!

அப்புறம் மூணு வேலை. டீசலில் அஞ்சில் ஒரு பங்கைக் கணக்கிலேயே சேர்க்காதீங்க. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் படகில் இருக்கட்டும். எந்த வழி, எப்போ சேருவோம், எத்தனை மணி நேரம் தகவல் இல்லைன்னா கடலோரக் காவல்படையின் 1554க்கு போன் போடணும் என்பதைக் கரையில் ஒருத்தரிடம் எழுதிக் கொடுங்க.

இதெல்லாம் தயாராகியும் கணிப்பு சரியில்லையா? கிளம்பாதீங்க. கயிற்றை அவிழ்க்காத வரைக்கும்தான் முடிவு உங்க கையில. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.