மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்



இலக்கிய நிகழ்ச்சியில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சங்கப் பாடல்களில் கொல்லனின் உலையும் துருத்தியும் உண்டு. கராஜில் ஸ்பானருடன் நிற்பவரின் பேச்சோ நமது எழுத்துக்குள் அரிதாகவே வந்திருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்து மனிதர் தொண்ணூறுகளின் முற்பாதியில் எப்படி நடமாடினர் என்பதை அறிய, அந்தப் பேச்சைத்தான் கேட்கவேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது; மின்சாரமும் நின்றது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவுப்பகுதி மக்களில் பெரும்பாலோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். அங்கே வீதியில் எஞ்சி ஓடியவை ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானிய வண்டிகள். அவை ஓடியது மண்ணெண்ணெயில். அதுவும் தட்டுப்பாடுதான், யானை விலைதான்.

இதில் மாயமொன்றுமில்லை. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழு, எட்டு என்ற அளவில்தான் இருந்தது. அதனால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறும் உழவு இயந்திரங்களை இங்கிலாந்தின் பேர்குசன் கம்பனி 1949இலேயே செய்து விற்றது. அவற்றுக்கு இரண்டு தாங்கிகள் இருந்தன. நம்மவரிடம் இருந்ததோ ஒரு சிறு போத்தல், அதன் மூடியில் ஒரு குழாய். காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலைப் பீச்சி, எஞ்சினை உறுமவைத்து, சூடு பிடிக்கும்வரை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே காரணம். ஆசுப்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கும்போதும் எஞ்சினை அணைக்காத சாரதிகள் இருந்தார்கள். அணைத்து ஆறவிட்டால் மறுபடி பெற்றோல் வேண்டுமே! அந்தத் துளிகளை எண்ணித்தான் வைத்திருந்தார்கள்.

இனி நோய்களுக்கு வருவோம். 'தட்டுது' என்றால் உள்ளே எரிபொருள் நேரத்துக்கு முன் வெடிக்கிறது; டிஸ்ரிபியூற்றரைச் சற்றே திருப்பித் தீப்பொறியைப் பிந்தவைக்க வேண்டும். 'மிஸ் பண்ணுது' என்றால் பெரும்பாலும் பிளக்கில் கரி. கழற்றி, சுரண்டி, எஞ்சின்மேல் சாய்த்து வைத்து ஹாண்டிலைச் சுற்றினால் பொறி தெரியும்: நீலமாகப் பாய்ந்தால் நல்லது, மஞ்சளாகச் சோர்ந்தால் கொயிலையோ பொயின்ரையோ பார்க்கவேண்டும். பொயின்ரின் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு.

எல்லாவற்றிலும் வஞ்சகமான நோய் ஒன்றுண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களின் வழியே கசிந்து கீழேயுள்ள ஒயிலோடு கலந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறையவில்லை, கூடியிருக்கிறது! அறியாதவர் மகிழ்வார். அறிந்தவர் அந்த ஒயிலை விரலில் தொட்டு மணந்து பார்ப்பார். நீர்த்த ஒயிலில் பெயரிங் தேய்ந்து எஞ்சின் அடியிலிருந்து இடிக்கத் தொடங்கினால், உதிரிப்பாகம் வராத ஊரில் அந்த வண்டியின் கதை முடிந்தது. ஒயிலும் கிடைக்காத காலத்தில் அதை மாற்றுவதா, இன்னும் ஒரு பயணம் பொறுப்பதா என்ற கேள்வி மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. பொறிப்படிப்புப் படித்த பலருக்கு அந்தக் கேள்வி வந்ததேயில்லை.

சாட்டிப் பக்கம் ஓடும் வண்டிக்கு இன்னொரு பகை, உப்புக்காற்று. கடலை ஒட்டியிருந்தும் சாட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. றேடியேற்றருக்கு அது பாக்கியம். பற்றரி முனைகளிலோ பச்சைப் பூப் பூத்துவிடும். பண்ணைத் தாம்போதி கடந்து வேலணைக்கு வந்துசேர்ந்த கார் திரும்பப் புறப்பட மறுத்தால், எஞ்சினைக் குடைவதற்குமுன் அந்த முனைகளைச் சுரண்டிப் பார்ப்பது புத்தி.

மொறிஸ் மைனரின் எஸ்.யு. காபரேற்றரைச் சோதிப்பது எனக்கு மிகப் பிடித்த வித்தை. எஞ்சின் ஓடும்போதே அதன் பிஸ்டனை மயிரிழையளவு உயர்த்தவேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் எரிபொருள் அதிகம். அணையப் பார்த்தால் காற்று அதிகம். சற்றே கூடிப் பழைய ஓட்டத்துக்குத் திரும்பினால் கலவை சரி. கருவி வேண்டாம், காது போதும்.

இந்த எளிய வாடகைக் காரின் எஞ்சினை இலேசாக நினைத்துவிட வேண்டாம். 1956இல் மைனருக்கு வந்த அதே 948 சி.சி. குடும்ப எஞ்சினைத்தான், 1958இல் வெளியான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் என்ற பந்தயச் சாயல் வண்டியிலும் பூட்டினார்கள். இன்று சீமையில் அதைப் பொக்கிஷமாகப் பேணுகிறார்கள். தொண்ணூறுகளில் மைனரோடு மல்லுக்கட்டிய நமது மெக்கானிக்கிடம் ஒரு ஸ்பிரைற்றைக் கொடுத்தால், அதில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு காபரேற்றர் இருப்பதைக் கண்டு சற்றுப் புருவம் உயர்த்துவார். பிறகு ஒரு துண்டு றப்பர்க் குழாயைத் தேடுவார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு காபரேற்றரின் வாயிலும் பிடித்து, இரண்டின் இரைச்சலும் ஒத்துவரும்வரை திருகாணியைத் திருப்பிக்கொண்டிருப்பார்.